கூரையில் வானம் வைத்தவர்களுக்கு ஒரு பாராட்டு

கார்க் கூரையில் ஒரு சதுர வானத்தைத் திறந்துவிட்டவர்களை நாம் இன்னும் சரியாகப் பாராட்டவில்லை. விளம்பரத்தில் மலைப்பாதை வருகிறது, மேகம் வருகிறது, ஒரு குழந்தை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறது. பாராட்டெல்லாம் மேகத்துக்கும் குழந்தைக்கும் போய்விடுகிறது. கண்ணாடிக்கு அடியில், அலுமினிய ரெயிலுக்குள், கட்டைவிரல் நகமளவே உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்த பொறியாளரை யாரும் நினைப்பதில்லை. இந்தக் கட்டுரை அவருக்கும், அவருடைய கம்பெனிக்கும், அந்தக் கம்பெனியின் உதிரிபாகப் பட்டியலைத் தயாரித்தவருக்கும் சேரவேண்டிய பாராட்டு.

சன்ரூஃப் பழைய சங்கதிதான். அமெரிக்காவின் நாஷ் கம்பெனி 1937-லேயே அதைத் தன் கார்களில் கொடுத்தது. அந்தக் காலத்துக் கூரை பெரும்பாலும் ஓர் உலோகப் பலகை. கையால் தள்ளினாலோ கைப்பிடியைச் சுற்றினாலோ நகரும். உடைவதற்கு அதில் அதிகம் இல்லை. இன்றைய முன்னேற்றம் வேறு. பொத்தானைத் தொட்டால் போதும். சில கார்களில் வாயால் சொன்னாலே போதும். 2023-ல் வந்த ஹூண்டாய் எக்ஸ்டர் போன்ற சிறிய வண்டிகளிலும் இது கிடைக்கிறது. நெதர்லாந்தின் இனால்ஃபாவும் இந்தியாவின் கேப்ரியலும் சேர்ந்து சென்னைப் பகுதியிலேயே சன்ரூஃப் செய்கிறார்கள். நம் ஊரில் உருவாகி நம் ஊர் வெயிலில் நிற்கும் பொருள் இது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு புகழ்வதுதான் முறை.

கூரையின் ஓரத்தில் ஒரு மோட்டார். அதன் பல்சக்கரம் இரண்டு கேபிள்களை ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் இழுக்கிறது. வலப்பக்க ரெயிலில் ஒன்று, இடப்பக்க ரெயிலில் ஒன்று. கேபிளின் நுனியில் ஒரு சறுக்குக் கட்டை. அதோடு சேர்ந்த தூக்குக் கை கண்ணாடியின் பின்பக்கத்தை முதலில் தூக்கும், பிறகு இறக்கும், பிறகு பின்னால் கொண்டுபோகும். ரெயில் அலுமினியம், கேபிள் எஃகு, கண்ணாடி கடினப்படுத்தியது, மோட்டாரோ அன்றாடம் சில நொடிகளே ஓடுவது. இவை எல்லாம் காரின் ஆயுளுக்கு ஈடுகொடுக்கும். கண்ணாடியின் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொள்ளும் சறுக்குக் கட்டையின் காலணி, அதாவது முதலில் சொன்ன நகமளவுத் துண்டு, மட்டும் பிளாஸ்டிக்.

இந்த வேலைப் பங்கீட்டை வியக்காமல் இருக்க முடியவில்லை. மற்றவற்றுக்குக் காரை ஓடவிடும் பொறுப்பு. காரை மறுபடியும் சர்வீஸ் சென்டருக்கு அழைத்துவரும் பொறுப்பு அந்த ஒரு துண்டுக்கு. மே மாதத்து சென்னையில் தெருவோரம் நின்ற வண்டியின் கூரையைத் தொட்டவர்களுக்கு அதன் உழைப்பு புரியும். ரெயிலில் பூசிய கிரீஸ் தூசியோடு சேர்ந்து களியாகிறது, பிளாஸ்டிக் காய்ந்து மொறுமொறுவென்று ஆகிறது, மோட்டார் அதே வலுவோடு இழுக்கிறது. வாரன்டி நாட்களை அது பொறுமையாகக் கடக்கிறது. பிறகொரு நாள் ‘டக்’ என்ற சத்தம். கண்ணாடியின் ஒரு பக்கம் தூக்குகிறது, மறுபக்கம் கிடக்கிறது. மூடியே கிடக்கும்போது அந்தக் காலணிக்குச் சுமை குறைவு, நகரும்போதுதான் உடையும். ஆகவே கோணலாகத் திறந்த நிலையிலேயே கூரை நிற்கும். ஐப்பசி மழையில் இது நடந்தால் நாம் உடனடியாக சர்வீஸ் சென்டருக்குப் போவோம் என்பது உறுதி.

அங்கே கிடைக்கும் வரவேற்பைச் சொல்லியாக வேண்டும். குளிர்ந்த அறை, காபி, பணிவான இளைஞர்.

“சார், அந்த பார்ட் தனியா வராது. முழு அசெம்பிளியாத்தான் வரும்.”

“தம்பி, ஒரு பிளாஸ்டிக்தானே உடைஞ்சிருக்கு?”

“புரியுது சார். ஆனா சிஸ்டத்துல அதுக்கு பார்ட் நம்பரே இல்ல.”

நகமளவு துண்டு கேட்டவருக்கு ரெயில், கேபிள், சட்டம் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக் கொடுக்க முன்வருகிறார்கள். கேட்டதற்கு மேல் கொடுப்பவரை வள்ளல் என்பது நம் மரபு. படர ஒரு கொம்பு தேவைப்பட்ட முல்லைக்குப் பாரி தேரையே கொடுத்தான். அந்தப் பெருந்தன்மை இங்கே அப்படியே இருக்கிறது. பாரி முல்லையிடம் பில் நீட்டவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். எஸ்டிமேட் தாளில் உள்ள தொகைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். கூரையின் உள் லைனிங்கை இறக்கி ஏற்றும் கூலி தனி.

இன்சூரன்ஸும் இந்தப் புகழில் பங்கு பெற வேண்டும். மோட்டார் பாலிசியில் தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் இழப்பீடு கிடையாது. ஆக, தானாக உடைந்த காலணிக்கு ஒரு ரூபாயும் வராது. விபத்தில் உடைந்தால் வரும், ஆனால் சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. கண்ணாடி நீடிக்கும், பிளாஸ்டிக் நீடிக்காது என்பது அவர்கள் அட்டவணையிலேயே அச்சாகியிருக்கிறது. வடிவமைத்தவர்களுக்கும் இது தெரிந்தே இருக்கும்.

கம்பெனிகள் நமக்குச் செய்த பெரிய உபகாரம் இனிமேல்தான். அவர்கள் அந்தத் துண்டை விற்க மறுத்ததால்தான் வீட்டு வாசலில் ஆயிரக்கணக்கானோர் மெக்கானிக் ஆனார்கள். விற்றிருந்தால் இந்த வித்தையை நாம் கற்றிருக்கவே மாட்டோம். கற்றதைச் சொல்கிறேன்.

மழை வரும் நேரத்தில் கூரை திறந்து நின்றுவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், பல கார்களில் முன்கூரை விளக்கின் மூடியைக் கழற்றினால் மோட்டார் தெரியும். அதன் நடுவில் அறுகோணக் குழி இருந்தால் அலென் கீ போட்டு மெதுவாகச் சுற்றி மூடலாம். ஒரு பக்கம் முறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள். கேபிள் ஒரு பல் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் இணங்காமல் போய் வேலை இரட்டிப்பாகும். அன்றைக்குக் கனத்த பாலிதீன் தாளால் மூடி டேப் ஒட்டிவிட்டு, வெயில் வந்த பிறகு தொடங்குவதே நல்லது.

கண்ணாடியைக் கழற்றுவது பயப்படும் வேலை இல்லை. உள்ளிருந்து பார்த்தால் இரண்டு ஓரத்திலும் ரப்பர் மறைப்பு, அதற்குப் பின்னால் நட்சத்திரத் தலை திருகுகள் சில. கழற்றும் முன் ஒவ்வொரு திருகும் இருந்த இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது கண்ணாடி கூரையோடு சமமாக உட்கார அந்தக் குறிதான் வழி. ஒரு மில்லிமீட்டர் ஏறினால் காற்று விசில் அடிக்கும், இறங்கினால் தண்ணீர் தேங்கும். கண்ணாடியை இரண்டு பேர் நின்று மேல்பக்கமாகத் தூக்குங்கள். வெறும் தரையில் வைக்காதீர்கள். கடினக் கண்ணாடிக்கு நடுவில் பலம், விளிம்பில் பலவீனம். விளிம்பில் ஒரு சிறு கல் குத்தினால் மொத்தமும் உப்புக்கல் போலச் சிதறிவிடும்.

இப்போது ரெயில் திறந்து கிடக்கிறது. உடைந்த காலணியின் சில்லுகள் கிரீஸ் களிக்குள் புதைந்திருக்கும். அவற்றை ஒன்றுவிடாமல் எடுங்கள். ஒரு சில்லு மிஞ்சினாலும் புதிய காலணியை அதுவே உடைக்கும். பல கார்களில் வேலையை மேலிருந்தே முடித்துவிடலாம். லைனிங்கை இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் மட்டும் நில்லுங்கள். பல வண்டிகளில் கூரையின் இரு பக்கமும் திரை ஏர்பேக் மடிந்து கிடக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருக்காமல் அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது. பழக்கம் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தை ஒரு நல்ல பட்டறையிடம் விட்டுவிடுவதே சரி.

பார்ட் நம்பர் இல்லாத அந்தப் பாகம் எங்கே கிடைக்கும்? சிஸ்டத்தில் இல்லாதது சந்தையில் இருக்கிறது. வெளிக் கம்பெனிகள் பல மாடல்களுக்கு அதே காலணியை உலோகத்தில் வார்த்துத் தனியாக விற்கின்றன. கிடைக்காவிட்டால் சென்னைப் புதுப்பேட்டையில் அதே மாடலின் உடைத்த வண்டியிலிருந்து எடுக்கலாம். அங்கே கடையில் நிற்பவர் உங்கள் கையிலுள்ள உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். அவரை நான் புகழ்வதில் உள்ளர்த்தம் எதுவும் இல்லை. அவர் தொழில் தெரிந்தவர்.

மாட்டும் முன் பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, ரெயிலுக்கு ஏற்ற கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். ரப்பர் பீடிங்குக்கு சிலிக்கான் வகை மட்டும். சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். இரு பக்கச் சறுக்குக் கட்டைகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று அளந்து பார்த்த பிறகு மோட்டாரைப் பூட்டுங்கள். கடைசியில் ரீசெட். பெரும்பாலான வண்டிகளில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கூரை ஒருமுறை முழுக்க ஓடித் தன் எல்லையைக் கற்றுக்கொள்ளும். இதை விட்டுவிடாதீர்கள். ரீசெட் ஆகும் வரை, விரல் சிக்கினால் தானே பின்வாங்கும் பாதுகாப்பு வேலை செய்யாமல் போகலாம். பின் சீட்டில் குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இது விளையாட்டு இல்லை.

அடுத்து தண்ணீர். சன்ரூஃப் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்பித்தான் எல்லோரும் வாங்குகிறோம். உண்மையில் ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே வருவது அதன் வடிவமைப்பிலேயே உள்ளது. வந்த தண்ணீரைச் சுற்றிலும் உள்ள வாய்க்கால் வாங்கி, பெரும்பாலும் நான்கு மூலையிலும் உள்ள பென்சில் பருமன் குழாய்கள் வழியாகக் கதவுத் தூண்களுக்குள் இறக்கி வெளியே விடுகிறது. நல்ல ஏற்பாடு. அதைவிட நல்லது அதைப் பற்றிக் காட்டும் அடக்கம். மாலை போட்டு, கேக் வெட்டி, பெரிய சாவியோடு போட்டோ எடுத்துக் காரை ஒப்படைக்கும் நாளில் அந்தக் குழாய்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வேப்பம்பூவும் புங்கம்பூவும் உதிரும் தெருவில் நிற்கும் வண்டிக்கு அந்தக் குழாய் அடைவது நிச்சயம். அடைபட்ட தண்ணீர் லைனிங்கில் கறையாக இறங்கி, காலடிக் கம்பளத்துக்கு அடியில் தேங்கி, அங்குள்ள வயர்களையும் மின்னணுப் பெட்டிகளையும் நனைத்த பிறகே நமக்குத் தெரியும்.

அமெரிக்காவில் வோக்ஸ்வாகன், ஆடி உரிமையாளர்கள் சன்ரூஃப் ஒழுகலுக்காகக் கூட்டாக வழக்குப் போட்டார்கள். அதன் சமரசம் 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். மழைக்காலத்துக்கு முன் கூரையைத் திறந்து மூலைக்கு ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் சொட்டினால் குழாய் நன்றாக இருக்கிறது. சொட்டாவிட்டால் வழவழப்பான நைலான் நரம்பை மெதுவாகச் செலுத்தி எடுங்கள். கம்ப்ரெஸர் காற்றை முழு வேகத்தில் அடிக்காதீர்கள். உள்ளே குழாய் இணைப்பு கழன்றால் தண்ணீர் நேராகக் கம்பளத்துக்கு வரும். சுற்றிலும் சிலிக்கான் பசை அப்பி ஒரேயடியாக மூடுபவர்களும் உண்டு. அந்தப் பசை வாய்க்காலையே அடைத்துவிடுகிறது.

இத்தனை செய்தும் அந்தத் துண்டின் விலை என் மனதை விட்டுப் போகவில்லை. பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு கம்பெனியிடம் இருக்கிறது, வண்டியும் நம்முடையது, பணமும் நம்முடையது. தனியாக விற்பதில்லை என்பது தொழில்நுட்பத்தால் வந்த தடை கிடையாது. அது ஒரு முடிவு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012-ல் மக்களே வாக்களித்து, பழுதுபார்க்கும் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் கார்க் கம்பெனிகள் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் சேர்த்த நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. தளம் நல்லது. தகவல் கிடைத்த பிறகு துண்டும் கிடைக்க வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும்.

அதுவரை, கார் புக் செய்யப் போகும் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். ஷோரூமில் பொத்தானை அழுத்திக் கூரை திறப்பதைப் பார்த்து மகிழுங்கள். பிறகு அங்கேயே உட்கார்ந்து கேளுங்கள்: சறுக்குக் கட்டையின் காலணி தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? வடிகால் குழாயைச் சுத்தம் செய்வது எத்தனையாவது சர்வீஸில் வருகிறது? இந்த மாடல் நின்ற பிறகு எத்தனை வருடம் பாகம் கொடுப்பீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால், பெரும்பாலான மாடல்களில் சன்ரூஃப் இல்லாத வண்டியும் அதே ஷோரூமில் கிடைக்கிறது, விலையும் குறைவு.