சித்தப்பாவுக்கு ஒரு சினிமாப் பெட்டி

ஜூரோங் வெஸ்ட்,
சிங்கப்பூர்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று தனியாக எழுதவும். போனில் கேட்டால் சித்தியே போனைப் பிடுங்கி, "எனக்கென்னடா குறைச்சல்" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை உலை வைத்ததிலிருந்து சோறு வடிக்கிற வரைக்கும் நானும் உங்கள் மருமகளும் கேட்டோம். சாராம்சம் இதுதானே: மண்டபம் வீட்டுக்கு 55 அங்குல டிவி வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் படம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அதிலிருந்தே ஓட்ட வேண்டும். அதை நான் இங்கிருந்து முழுசாக வாங்கி வருவதா, உதிரியாக வாங்கி வந்தால் நீங்களே அசெம்பிள் பண்ணிக்கொள்வதா? போனில் பதில் சொன்னால் நான் மதர்போர்டு என்றதுமே நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள், என் முறை வரவே வராது. அதனால்தான் கடிதம்.

உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு சிம் லிம் ஸ்கொயருக்குப் போனேன். ரோச்சோர் பக்கம் இருக்கிற ஆறு மாடிக் கட்டடம், 1987-இல் திறந்தது. தேக்கா மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். நம் சென்னை ரிச்சி தெருவைச் சுருட்டி, ஏசி போட்டு, மாடி மாடியாக அடுக்கியது போல இருக்கும். கடை வாசலில் விலைப்பட்டியல் தாள் அடுக்கியிருப்பார்கள். பிராசசர், மதர்போர்டு, ரேம், கேபினெட், பவர் சப்ளை என்று தாளின் இரண்டு பக்கமும் பொடி எழுத்து. அதைக் கண்ணாடி போடாமல் படிக்க முடிந்தால் இன்னும் வாலிபம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். எதிரே சிம் லிம் டவர் என்று இன்னொரு கட்டடம்: ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், சால்டரிங் அயர்ன், எண்ணமுடியாத ரகத்தில் ஸ்விட்ச். அந்த வாசலுக்கு உங்களை நான் கூட்டிப் போகவே மாட்டேன். நீங்கள் ஊர் திரும்ப மாட்டீர்கள், சித்திக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு கடைக்காரச் சீனர், "எதுக்கு அங்கிள் கம்ப்யூட்டர்?" என்றார். படம் பார்க்க என்றேன். "டிவிக்குள்ளேயே எல்லாம் இருக்கே, லா" என்றார். விற்கிறவரே வேண்டாம் என்று சொல்லுகிற கடையில் என்ன பேரம் பேசுவது? ஆனால் அவர் கேட்டது நியாயம். 2002-இல் மைக்ரோசாப்ட் 'மீடியா சென்டர்' என்று தனி விண்டோஸே விட்டபோது, டிவி வெறும் கண்ணாடிப் பெட்டி. அதற்கு மூளை வேண்டுமென்றால் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேண்டும். இப்போது டிவிக்கே மூளை வந்துவிட்டது, மைக்ரோசாப்டும் 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரைக் கழற்றிப் போட்டுவிட்டது. மிச்சம் இருப்பது கோடி என்கிற இலவச மென்பொருள். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்க்க யாரோ சில பையன்கள் எழுதியது. 2014-இல்தான் இந்தப் பெயர் வைத்தார்கள். பெயர் கோடி, விலை சைபர்.

ஆனால் சித்தப்பா, வாங்குவதா செய்வதா என்று உங்களுக்கு ஒருவன் பாடம் எடுக்க முடியுமா? 1982 பிப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது நம் கரையில் நடந்தது எனக்கு நினைவில்லை, அப்பா சொல்லித்தான் தெரியும். சென்னை தூர்தர்ஷன் 1975-லேயே வந்துவிட்டது, ஆனால் அதன் படம் நம் பக்கம் எட்டவில்லை. இலங்கையின் பீதுருதலாகலை மலை உச்சியிலிருந்து விட்ட படம் கடல் தாண்டி வந்து மண்டபத்தில் விழுந்தது. கடையில் விற்ற ஆண்டெனாவில் கம்பி போதவில்லை என்று நீங்கள் அலுமினியக் குழாய் வாங்கி, அறுத்து, இன்னும் பல கம்பி சேர்த்து, பூஸ்டர் வைத்து, தென்கிழக்காகத் திருப்பி நிறுத்தினீர்கள். உப்புக் காற்றில் கிளாம்ப் பூத்துப்போய் வெள்ளையாக உதிரும். மழைக்காலம் முடிந்ததும் ஏறிச் சுரண்டுவீர்கள். சிங்களச் செய்தியை ஒரு வார்த்தையும் புரியாமல் முழுசாக உட்கார்ந்து பார்த்த வீடு நம் வீடு. பிறகு ராமேஸ்வரத்திலேயே 323 மீட்டர் உயரத்துக்கு தூர்தர்ஷன் கோபுரம் வந்தது, இந்தியாவிலேயே உயரமான டிவி கோபுரம். அதற்குப் பிறகும் நீங்கள் அந்தக் கம்பிகளைக் கழற்றவில்லை என்று அப்பா குறைப்பட்டுக்கொள்வார்.

அன்றைக்கு வானத்தில் வந்ததைப் பிடிக்கக் கம்பி இருந்தால் போதும். உன் கம்பி எங்கள் அங்கீகாரம் பெற்ற கம்பியா என்று ரூபவாஹினிக்காரன் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறான், சித்தப்பா. விவகாரமே அங்கேதான்.

ஓடிடி படமெல்லாம் பூட்டுப் போட்டுத்தான் வீட்டுக்கு வருகிறது. கூகுளின் வைட்வைன் அப்படி ஒரு பூட்டு. அதில் எல்1, எல்2, எல்3 என்று மூன்று தரம். எல்1 என்றால் பூட்டைத் திறக்கிற வேலை முழுக்க சிப்புக்குள்ளேயே பத்திரமாக நடக்கும். அந்தச் சான்று பெற்ற சாதனத்துக்குத்தான் உயர்ந்த தரத்தில் படம் தருவார்கள். நீங்கள் பார்த்துப் பார்த்து அசெம்பிள் பண்ணி, லினக்ஸ் போட்டு நிறுத்துகிற கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது எல்3. படம் வரும், 4கே வராது. அதே டிவியில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற சின்னக் குச்சியைச் செருகினால் 4கே ஓடும். விண்டோஸ் போட்டால் சில ஓடிடிகளில் வழி உண்டு. அதற்கும் எந்தச் செயலி, எந்தக் கேபிள், எந்தத் திரை என்று நிபந்தனை மேல் நிபந்தனை.

ப்ளூ-ரே டிஸ்க் கதை இன்னும் வேடிக்கை. 4கே ப்ளூ-ரேயைக் கம்ப்யூட்டரில் முறைப்படி ஓட்ட இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் என்கிற வசதி வேண்டும் என்று விதி வைத்தார்கள். 2021-இல் வந்த 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பிலிருந்து இன்டெல் அந்த வசதியையே தூக்கிவிட்டது. ஆக, பழைய கம்ப்யூட்டரில் ஓடும், புதுசில் ஓடாது. நம் ஊரில் பழைய சாமானை யாரும் எடைக்குப் போடுவதில்லையே, அது எவ்வளவு தீர்க்கதரிசனம் பாருங்கள்.

அதனால் எந்தக் கடை, எந்த சிப் என்பதெல்லாம் பிறகு. அந்தப் பெட்டியில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். காசு கட்டிப் பார்க்கிற படமா, குச்சி போதும். வீட்டில் கிடக்கிற சரக்கா, அதற்குத்தான் கம்ப்யூட்டர். உங்களிடம் அந்தச் சரக்கு இருக்கிறது. அக்கா கல்யாண கேசட், ராமலிங்கப் பிரதிஷ்டை விழா வீடியோ, 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து கப்பலுக்காகத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் எடுத்து எனக்கு அனுப்புகிற வீடியோ. (அந்தத் தூக்கு நேரே 17 மீட்டர் மேலே போகும் என்று எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்.)

இங்கே என் வீட்டிலும் அப்படித்தான் ஓடுகிறது. சிங்கப்பூரில் 2019 தொடக்கத்தோடு பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போது டிஜிட்டல் ஆண்டெனா. கம்ப்யூட்டரில் ஒரு ட்யூனர் குச்சியைச் செருகி வசந்தம் சேனல் நாடகத்தை ரெக்கார்டு பண்ணி வைக்கிறேன். உங்கள் மருமகள் வேலை முடிந்து வந்து விளம்பரத்தைத் தாண்டி ஓட்டிப் பார்க்கிறாள். கடையில் நிற்கிற எந்த ரெடிமேட் குச்சியும் இதைச் செய்யாது. ஆண்டெனா கட்டின கை உங்கள் கை, உங்களுக்கு இது புரியும்.

சரி, செய்யலாம் என்று முடிவானால் உப்புக் காற்றைப் பேசியாக வேண்டும். ஃபேன் வைத்த கேபினெட் என்பது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற யந்திரம். சிங்கப்பூரில் தூசியை இழுக்கும். மண்டபத்தில் கடலிலிருந்து எட்டடித் தூரத்தில் ஈர உப்பை இழுத்து மதர்போர்டு மேல் படிய வைக்கும். ரேமின் காலடியில் பச்சை பூக்கும். உங்கள் ஜன்னல் கம்பி என்ன கதியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சத்தம் வேறு. கதாநாயகி கண்ணீரை அடக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் பவர் சப்ளை ஒரு பெருமூச்சு விடும்.

கரண்டும் உண்டு. பழைய டெஸ்க்டாப் ஒன்று 60 வாட் இழுத்து, தினம் 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். 10 வாட் பெட்டிக்கு 3 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்று சித்தி விரல் விட்டு எண்ணி வைத்திருக்கும் கணக்கில் நாம் கை வைக்கக்கூடாது.

அப்புறம் ரிமோட். டிவி ரிமோட்டை அமுக்கினால் அந்தக் கட்டளை ஹெச்டிஎம்ஐ வயர் வழியாகப் பெட்டிக்கும் போக வேண்டும். இதற்கு சிஇசி என்று பெயர். குச்சியிலும், 2012-இல் இங்கிலாந்தில் 35 டாலருக்கு வந்த ராஸ்பெரி பை என்கிற கையளவுப் போர்டிலும் இது உண்டு. சாதாரணக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் கிடையாது, தனியாக ஒரு அடாப்டர் வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் சித்தி மடியில் கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொண்டு சீரியல் பார்க்க வேண்டியதுதான். அந்தக் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், நான் பக்கத்தில் இல்லாத தைரியத்தில் எழுதுகிறேன்.

விலையும் இப்போது உதிரிக்கு எதிராகத்தான் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் உலகத்து மெமரியை எல்லாம் வாரிக்கொண்டு போகின்றன. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்து சிம் லிம்காரர்களே தாளில் விலை அச்சடிக்கத் தயங்கினார்கள். மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்தது, அந்த டிசம்பரில் அதையே கைவிடுவதாக அறிவித்தது. பழைய லேப்டாப்பில் ரேம் இருந்தால் பத்திரமாக வையுங்கள். சித்தியின் நகைப் பெட்டியில் வைத்தாலும் தப்பில்லை.

என் தீர்ப்பு இரண்டுங்கெட்டான் தீர்ப்பு. பேர்போன் மினி பிசி என்று ஒன்று விற்கிறார்கள். போர்டும் பெட்டியும் அவர்கள் தருவார்கள், ரேமும் எஸ்எஸ்டியும் நாம் போட்டுக்கொள்ள வேண்டும். இன்டெல் 'நக்' என்ற பெயரில் பிரபலமாக்கியது, 2023-இல் அவர்கள் விலகிக்கொள்ள ஆசுஸ் எடுத்து நடத்துகிறது. மற்றவர்களும் செய்கிறார்கள். இன்டெல் என்100 சிப் போட்டது பாருங்கள், 6 வாட் ரகம். ஃபேனே இல்லாமல் பெட்டியின் முதுகையே வரிவரியாக வார்த்துச் சூட்டைத் தணிக்கிற மாடல் உண்டு. உப்பு உள்ளே போக வழி குறைவு. அதில் லிப்ரெலெக் என்கிற மென்பொருளைப் போட்டால் ஸ்விட்ச் போட்டதும் நேராகக் கோடி திரைக்கு வந்துவிடும். திருகாணி நாலு. தெரிந்தவனுக்குப் பத்து நிமிஷ வேலை. நீங்கள் ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொள்வீர்கள், தெரு முழுக்க வந்து பார்க்கும். அந்தச் சுகத்தை ரெடிமேட் பெட்டியில் தர முடியாது என்பதால்தான் உதிரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓடிடிக்குத் தனியாக ஒரு குச்சி. டிவியில் இரண்டும் இரண்டு ஹெச்டிஎம்ஐ துளையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

டிவியை நீங்கள் அங்கேயே வாங்கியது நல்லது. 2013 ஆகஸ்டுக்கு முன்னால் வரியில்லாமல் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு பெட்டியோடு பெட்டியாகத் தட்டை டிவி கொண்டுவந்தால் 36.05 சதவீதம் வரி என்று ஆக்கினார்கள். திருச்சி விமானத்தில் டிவி சுமந்த குருவிகள் எல்லாம் வேறு சரக்குக்கு மாறிவிட்டார்கள். இந்த மினி பிசி என் சட்டைக்கு நடுவில் உட்கார்ந்து வரும்.

நீங்கள் செய்ய வேண்டியது: டிவியின் முதுகில் எத்தனை ஹெச்டிஎம்ஐ துளை, அதில் எதற்குப் பக்கத்தில் ஏஆர்சி என்று எழுதியிருக்கிறது, சுவருக்கும் டிவிக்கும் நடுவே எத்தனை அங்குலம் இடம். இதை அளந்து எழுதுங்கள். சிங்கப்பூர் பிளக் மூன்று தட்டைக் கால். நம் சுவரில் நுழையாது, அடாப்டர் வாங்கி வருகிறேன். பொறுமை இழந்து பிளக்கை வெட்டி வயரைத் தீக்குச்சியால் செருகிவிட வேண்டாம். உங்களைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

சித்தி விலை கேட்டால் பாதியைச் சொல்லுங்கள். மீதியை நான் வந்து சொல்லிக்கொள்கிறேன். உங்கள் மருமகள் குண்டு மிளகாய் ஒரு கிலோ காயவைத்து எடுத்து வைக்கச் சொன்னாள், போன தடவை மாதிரி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டாமாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்