மைசூர் மகாராஜா கட்டிய பில்

வெலிங்டனில் மேற்கத்திய இசை என்றால் பட்டாள பேண்டுதான். மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் பக்கம் டிரம் கேட்டால், பால் வாங்கப் போகிறவர் கால்கூட லெஃப்ட் ரைட் போடும். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், நிகோலாய் மெட்னர் என்று பேச்செடுத்தால் டீக்கடையில் ‘எந்த பட்டாலியன்?’ என்று கேட்பார்கள். ஆனால் அந்த இருவருக்கும் பில் கட்டியவருடைய கோடை அரண்மனை, இங்கே மலை ரயில் ஏறி அருவங்காடு, கேத்தி, லவ்டேல் தாண்டினால் வரும் ஃபெர்ன்ஹில்லில் இருக்கிறது.

அவர்தான் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். அவருக்கு மேடையேறி பியானோ வாசிக்க ஆசை. 1940இல் அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்துக் காலமாக, இருபத்தொரு வயதில் சிம்மாசனத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். வாசிக்கத்தானே விடவில்லை, வாங்கலாமே? இசைத்தட்டாக வாங்கிக் குவித்தார். சுமார் 20,000 என்று ஒரு கணக்கு.

லண்டனில் மெட்னர் என்றொரு ரஷ்ய இசையமைப்பாளர் கிடந்தார். ராஹ்மானினோவே மெச்சிய ஆள், ஊர்தான் மெச்சவில்லை. புதுமை என்று யார் எழுதினாலும் அவருக்குப் பிடிக்காது, அதைக் கண்டித்துப் புத்தகமே போட்டவர். இதயம் வேறு பழுது. அந்த நேரத்தில் மைசூரிலிருந்து பணம் வருகிறது: உங்கள் இசையை நீங்களே வாசித்துப் பதிவு செய்யுங்கள், செலவு என்னுடையது.

1947. குவெட்டாவிலிருந்து ஸ்டாஃப் காலேஜின் இந்தியப் பங்கு மூட்டை கட்டிக்கொண்டு வெலிங்டன் வந்து இறங்குகிறது. மைசூரில் மக்களாட்சி கேட்டு ‘மைசூர் சலோ’ என்று ஜனங்கள் அரண்மனையைப் பார்த்துக் கிளம்புகிறார்கள். லண்டனிலோ ராஜா காசில் மெட்னரின் மூன்று பியானோ கான்செர்ட்டோக்களும் பதிவாகின்றன. அக்காலத் தட்டில் ஒரு பக்கம் நாலு நிமிஷச் சொச்சம்தான் ஓடும். அரை மணிக்கு மேல் நீளும் கான்செர்ட்டோவுக்கு எத்தனை முறை ஊசியைத் தூக்கித் தட்டைத் திருப்ப வேண்டும், நினைத்துப் பாருங்கள். அதைவிட ராஜ்யம் ஆள்வது சுலபம். மூன்றாவது கான்செர்ட்டோவை மெட்னர் ராஜாவுக்கே சமர்ப்பித்தார்.

அடுத்தவர் ஸ்ட்ராஸ். வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டியதைக்கூட சிம்பொனியாக்கி ஊருக்குக் காட்டியவர். மனைவி பவுலின் ஒரு ஜெனரலின் மகள். வெலிங்டன்காரர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. 1948இல் நாலு பாட்டு எழுதி வைத்துவிட்டு, மறுவருஷம் போய்ச் சேர்ந்தார். பாடி அரங்கேற்ற லண்டனில் ஆள் தயார், ஆர்கெஸ்ட்ரா தயார், பணம்? 4,800 டாலருக்கு ஜாமீன் நின்றார் நம் ராஜா. 1950 மே 22, ராயல் ஆல்பர்ட் ஹால். ஃபர்ட்வாங்ளர் நடத்த, கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் பாடினார். பணம் போட்டவரால் போக முடியவில்லை. கச்சேரியைப் பதிவு செய்து மைசூருக்குக் கப்பலேற்றினார்கள்.

அடுத்தவர் இசைக்குப் பணம் கட்டியதோடு நிற்கவில்லை, நம் ராஜா தாமே ‘ஸ்ரீவித்யா’ முத்திரையில் 94 கீர்த்தனைகள் செய்தார். 1964இலிருந்து 1966 வரை நம் மாநிலத்துக்கே கவர்னர். அதற்கும் பியானோ தேவைப்படவில்லை.

மெட்னர் வாசித்த அந்தப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. தாராளமாகக் கேளுங்கள், காசு மைசூர்க்காரர் அப்போதே கட்டிவிட்டார்.