நூறு கிராம் பூவும் ஒரு நியூட்டனும்

கேள்வி: பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள். விசை என்றால் நிறை பெருக்கல் முடுக்கம் என்று எழுதி மார்க்கும் வாங்கிவிட்டேன். ஆனால் ஒரு நியூட்டன் எவ்வளவு என்பது கைக்குப் பிடிபடவில்லையே?
- மாணவி, பனங்குளம்

பதில்: கீரமங்கலம் பூக்கடையில் நூறு கிராம் மல்லிகை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார், தங்கச்சி. அது உன் கையை அழுத்துகிறதே, ஏறத்தாழ அதுதான் ஒரு நியூட்டன். பதினைந்து கிலோ பலாப்பழத்தைத் தாங்கிப் பிடித்தால் 150 நியூட்டன். உராய்வே இல்லாத தரையில் ஒரு கிலோ பொருளை இந்த ஒரு நியூட்டனால் தள்ளிக்கொண்டே போனால், முதல் நொடி முடிவில் அதன் வேகம் நொடிக்கு 1 மீட்டர், அடுத்த நொடியில் 2, அதற்கடுத்து 3. வேகம் இப்படி ஏறுகிற கணக்குக்குத்தான் முடுக்கம் என்று பெயர்.

கேள்வி: பலாப்பழம் ஏற்றிய குட்டியானை பேட்டரி இறங்கி நடுரோட்டில் நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளியும் ஆமை மாதிரி நகர்ந்தது. பழத்தை எல்லாம் இறக்கிவிட்டுத் தள்ளினோம், ஓடியே போய்விட்டது. எடை பாதிதான் குறைந்தது; வேகம் அதற்கு மேல் கூடியது எப்படி?
- டிரைவர், வடகாடு

பதில்: உங்கள் கை சரியாகவே அளந்திருக்கிறது. வண்டியும் பழமும் சேர்ந்து 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 150 நியூட்டன் வீதம் நாலு பேர் 600 நியூட்டன் தள்ளுகிறீர்கள். ரோடும் டயரும் சேர்ந்து 300 நியூட்டனைத் தின்றுவிடுகின்றன. மிச்சம் 300. அதை 1,500-ஆல் வகுத்தால் முடுக்கம் 0.2. ஐந்து நொடி தள்ளினாலும் மணிக்கு 3.6 கிலோமீட்டர்தான், சாவகாசமாக நடக்கிற வேகம்.

பழத்தை இறக்கியதும் நிறை 750. டயரை அழுத்தும் பாரமும் பாதியானதால் ரோடு தின்பதும் 150-ஆகக் குறைந்துவிட்டது. இப்போது மிச்சம் 450. வகுத்துப் பாருங்கள், 0.6. பாரம் பாதி, முடுக்கம் மூன்று மடங்கு! தள்ளுகிற விசையை அப்படியே சூத்திரத்தில் போடக் கூடாது. போனது போக மிஞ்சுவதைத்தான் போட வேண்டும். பரீட்சையில் பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழுவதும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: புதுக்கோட்டை பஸ்ஸில் டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியேதான் இருக்கிறார். முள் மட்டும் ஐம்பதிலேயே நிற்கிறது. விசை இருந்தால் முடுக்கம் இருக்க வேண்டாமா?
- தினப் பயணி, கொத்தமங்கலம்

பதில்: எதிர்க்காற்றும் ரோடும் பின்னுக்குப் பிடிப்பதும், இன்ஜின் முன்னுக்குத் தள்ளுவதும் சரிக்குச் சரி. மிச்சம் பூஜ்யம், எனவே முடுக்கமும் பூஜ்யம். ஓடுகிற பொருள் அதே வேகத்தில் நேராக ஓடுவதற்கு விசையே வேண்டியதில்லை. காற்றும் உராய்வும் பறிப்பதை ஈடுகட்டத்தான் அந்த மிதி.

கேள்வி: எல்கைப் பந்தயத்தில் மாடு வண்டியை இழுக்கிறது. வண்டியும் அதே விசையோடு மாட்டைப் பின்னுக்கு இழுக்கும் என்கிறது மூன்றாம் விதி. இரண்டும் சமம் என்றால் வண்டி எல்லையைத் தொடுவது எப்படி?
- பந்தய ரசிகர், மேற்பனைக்காடு

பதில்: நான் உங்களுக்கு நூறு ரூபாய் கடன் கொடுத்தால் என் நோட்டில் அது பற்று, உங்கள் நோட்டில் வரவு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிக் கழித்தால் கடனே காணாமல் போய்விடும். வண்டியின் மேல் விழும் விசை வண்டியின் கணக்கு, மாட்டின் மேல் விழும் விசை மாட்டின் கணக்கு. ஒன்றோடு ஒன்றைக் கழிக்கவே கூடாது.

வண்டியின் நோட்டைத் திறங்கள். மாடு முன்னுக்கு இழுக்கிறது, சக்கர உராய்வு கொஞ்சம் பின்னுக்குப் பிடிக்கிறது. மிச்சம் முன்பக்கம், ஆகவே வண்டி பாய்கிறது. அடுத்து மாட்டின் நோட்டு. கொடி அசைந்த நொடியில் மாட்டின் பின்னங்காலைக் கவனித்திருக்கிறீர்களா? தொடை இறுகி, லாடம் அடித்த குளம்பு தார் ரோட்டைப் பின்னுக்கு உதைக்கும். ரோடு அதே விசையோடு மாட்டை முன்னுக்குத் தள்ளும். வண்டி பின்னுக்கு இழுப்பதைவிட ரோடு முன்னுக்குத் தள்ளுவது அதிகம் என்பதால் மாடும் பாய்கிறது. ஜோடியை முடுக்குவது கடைசியில் ரோடுதான்! அதே ஜோடியை வழவழ சேற்றில் நிறுத்துங்கள், எவ்வளவு பலமிருந்தும் கால் வழுக்கும். பந்தய வண்டியை மெலிதாகவும் லேசாகவும் செய்யும் ஆசாரிக்கு இரண்டாம் விதியை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்து உறவுக்காரப் பெண் 'ஆர்முடுகல்' என்கிறாள். அது வேறு பாடமா?
- பெயர் வேண்டாம், ஆலங்குடி

பதில்: நம் முடுக்கம்தான் அங்கே ஆர்முடுகல். வேகம் குறைந்தால் அமர்முடுகல். எவ்வளவு அழகான சொல்! ஒன்றில் மட்டும் உஷார்: நாம் நிறை என்பதை அவர்கள் திணிவு என்பார்கள், நாம் எடை என்பதை அவர்கள் நிறை என்பார்கள். இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டால் முதலில் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மெய்நின்றநாதர் கோயிலில் பெரிய சிவன் சிலைக்கு எதிரே நக்கீரர் நிற்கிறார். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்: நியூட்டனிடமும் குற்றம் உண்டா?
- கடைக்காரர், கீரமங்கலம்

பதில்: உண்டு. 1687-இல் நியூட்டன் எழுதிய விதிகளில் 1905-இல் ஐன்ஸ்டைன் குற்றம் கண்டார். ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க அதே விசைக்கு வேகம் ஏறுவது குறைந்துகொண்டே போகும். ஒளி வேகத்தை எட்டவே முடியாது. பஸ், பலாப்பழம், ராக்கெட் வரைக்கும் நியூட்டன் கணக்கே போதும்.

கேள்வி: கஜா புயலில் என் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. காற்றுக்கு எடையே இல்லையே, அதற்கு எங்கிருந்து வந்தது அவ்வளவு விசை?
- விவசாயி, சேந்தன்குடி

பதில்: ஐயா, 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வீசிய காற்றுக்கு எடை இருந்தது. ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ. மணிக்கு 120 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 33 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் நொடிதோறும் 40 கிலோ காற்று மோதுகிறது. மரம் அதைத் தடுத்து நிறுத்தினால், காற்று இழந்த வேகம் அத்தனையும் மரத்தின் மேல் விசையாக இறங்கும்: 40 பெருக்கல் 33, சுமார் 1,300 நியூட்டன். மட்டைக்கு இடையில் பாதி நழுவிப் போனாலும் 600-க்கு மேல். காற்றின் வேகம் இரட்டித்தால் மோதும் காற்றும் இரட்டிக்கும், அது இழக்கும் வேகமும் இரட்டிக்கும். விசை நாலு மடங்கு. அதுவும் உச்சியில் பிடித்து இழுப்பதால் நெம்புகோல் போல வேரைப் பெயர்க்கும். பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள் ஒரே ராத்திரியில் போனதை எந்தக் கணக்கும் ஆற்றாது.

மறுபடி நட்ட கன்றுகள் இன்று வளர்ந்திருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் காய்ந்த மட்டைகளையும் முற்றிய குலைகளையும் முன்கூட்டியே வெட்டி இறக்கிவிடுங்கள். கொண்டையில் ஒரு சதுர மீட்டர் பரப்பு குறைந்தால், அந்த வேகக் காற்றில், உச்சியில் கயிறு கட்டி முழுப் பலத்தோடு இழுக்கிற ஓர் ஆளை விலக்கிவிட்டதற்குச் சமம்.