சிரிக்காதவர்கள் சங்கம்

ஏப்ரல் மாதம் டோக்கியோவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் புது மாணவன் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வது நல்லது. வெளியே தொங்கவிட்டால் அதில் நோட்டீஸைத் திணித்துவிடுவார்கள். அங்கே கல்வியாண்டு தொடங்குவது ஏப்ரலில்தான். டென்னிஸ், வில்வித்தை, தேநீர்ச் சடங்கு, ரயில் ஆராய்ச்சி, மர்மக்கதை என்று ஒவ்வொரு சங்கமும் ஆள் பிடிக்க வாசலில் வரிசைகட்டி நிற்கும். ஒரு வருஷப் பரிமாற்ற மாணவனாக, பாதி வெந்த ஜப்பானிய மொழியோடு போய் இறங்கியிருந்த எனக்கு வகுப்பறை எந்தக் கட்டடத்தில் என்று தெரிவதற்கு முன்பே கை நிறையக் காகிதம் சேர்ந்துவிட்டது.

அதில் ஒன்றில் மெத்தைமேல் உட்கார்ந்து ஒரு ஆள் வாய்விட்டுச் சிரிக்கும் படம் இருந்தது. ரக்குகோ சங்கம். ரக்குகோ என்பது எடோ காலத்திலிருந்து வரும் கதை சொல்லும் கலை. ஒரே ஆள், ஒரு மெத்தை, ஒரு விசிறி, ஒரு கைத்துண்டு, அவ்வளவுதான். கதையில் எத்தனை பேர் வந்தாலும் அத்தனை பேராகவும் அவரே பேசுவார், முடிவில் ஒரு வெடிச்சிரிப்பு. வடிவேலு வசனம் இல்லாமல் சாப்பாடு இறங்காத வீட்டில் வளர்ந்தவன் நான். நகைச்சுவையை இவர்களா நமக்குச் சொல்லித்தருவது என்ற தெம்போடு பெயர் கொடுத்தேன்.

பயிற்சி அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் கையில் குறிப்பேட்டுடன் துஷ்டி வீட்டுக்கு வந்தவர்களைப் போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கதை முடிந்ததும், ‘மூன்றாவது நிமிடத்தில் மூச்சு எடுத்த இடம் சரியில்லை’ என்றார் ஒருவர். எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பயிற்சி தர நியமிக்கப்பட்ட சீனியர் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் சங்கத்தில் எனக்கு முந்தைய வருஷமே சேர்ந்துவிட்டதால் அவர் பெரியவர், நான் சின்னவன். தன்னைவிடச் சின்னப் பையனைச் சித்தப்பா என்று கூப்பிட்டுப் பழகிய நம் ஆட்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. குனிந்து வணங்கிவிட்டேன்.

முதல் பாடம் உட்காருவது. தரையில் உட்கார எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று சப்பணமிட்டேன். அது இல்லையாம். இரண்டு முட்டியையும் மடக்கி, குதிகால்மேல் உட்கார வேண்டும். கணக்கு வாத்தியார் தண்டனையாகக் கொடுத்ததை இவர்கள் கலை என்கிறார்கள். கால் மணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே இருப்பது யாருடைய கால் என்ற சந்தேகம் வந்துவிட்டது. எழுந்திருக்கச் சொன்னபோது எழுந்தது நான் மட்டும்தான், கால்கள் வரவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னேன். “அங்க போயுமா உன்னை முட்டி போட வெக்கிறாங்க? என்னடா பண்ணித் தொலைச்சே?”

இரண்டாவது பாடம் மெத்தையைத் திருப்புவது. ஒருவர் கதை முடித்து இறங்கியதும் அடுத்தவருக்காக மெத்தையைப் புரட்டிப் போட வேண்டும். அதன் நான்கு விளிம்புகளில் ஒன்றில் மட்டும் தையல் இருக்காது. அந்தப் பக்கம்தான் பார்வையாளர்களைப் பார்க்க வேண்டும். தொழில்முறைக் கலைஞர்களிடமும் அடிமட்டச் சீடர்களின் வேலை இதுதான். ஷின்ஜுகுவில் சுயேஹிரோதேய் என்ற பழைய மர அரங்குக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். ஓரங்களில் பாய் விரித்த இருக்கைகள் உள்ள அழகான இடம். மேடையில் பெரிய கலைஞர்கள் கதை சொல்ல, சபையே குலுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வரிசை மட்டும் மெத்தை திருப்பும் பையனை உற்றுப் பார்த்துக் குறிப்பெடுத்தது.

மேடைப் பெயரைச் சீனியர்கள்தான் வைப்பார்கள். கூடிப் பேசி எனக்கு ‘கரேதேய் நான்’ என்று வைத்தார்கள். கரே என்றால் அவர்கள் ஊர்க் கறிக்குழம்பு, நான் என்றால் ரொட்டிக் கடையில் தட்டைத் தாண்டித் தொங்குமே, அது. எங்கள் வீட்டில் இட்லிதான், நான் சுட்டதே இல்லை என்று முறையிட்டேன். அதையும் எழுதிக்கொண்டார்கள், பெயர் மாறவில்லை. நான் வாடியிருந்ததைப் பார்த்த சீனியர் மெய்ஜி காலத்தின் கைரக்குதேய் பிளாக்கைப் பற்றிச் சொன்னார். 1858இல் ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஜப்பானுக்கு வந்து ரக்குகோ மேடையில் பெயர் வாங்கியவர். ‘வெளிநாட்டவராலும் முடியும். அவர் பல வருஷம் உழைத்தார்’ என்றார். என் விசாவில் அத்தனை வருஷம் இல்லை.

எனக்குக் கொடுத்த கதை ‘தோகி சோபா’. இரவில் தெருவில் சோபா நூடுல்ஸ் விற்பவரிடம் ஒருவன் சாப்பிடுகிறான். விலை பதினாறு மோன். ஒவ்வொரு காசாக எண்ணிக் கொடுக்கிறான். ஆறு, ஏழு, எட்டு, “ஐயா, இப்போ மணி என்ன?” “ஒன்பது.” பத்து, பதினொன்று என்று தொடர்ந்து பதினாறில் முடித்துவிடுகிறான். ஒரு காசு மிச்சம். இதைப் பார்த்த அசடு ஒருவன் மறுநாள் அதே வித்தையைக் காட்ட ஆசைப்பட்டுச் சீக்கிரமே வந்துவிடுகிறான். எட்டு, “மணி என்ன?” “நாலு.” ஐந்து, ஆறு என்று மறுபடி ஆரம்பித்து இருபது காசு அழுகிறான்.

ஒன்பது மணிக்குமுன் நாலு மணி எப்படி வரும்? எடோ காலக் கடிகாரத்தில் நள்ளிரவு ஒன்பது. அங்கிருந்து எட்டு, ஏழு என்று இறங்கி நாலில் நின்று, நண்பகலில் மறுபடி ஒன்பதுக்குத் தாவும். பகலை ஆறாகப் பிரிப்பதால் கோடையில் ஒரு மணியின் நீளம் வேறு, குளிரில் வேறு. நான் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டதில் சீனியருக்கு ஆச்சரியம். பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு துண்டில் எந்த நல்ல காரியமும் தொடங்காத ஊர்க்காரன் நான் என்று ராகுகாலத்தை விளக்கினேன். அடுத்த வாரம் முதல் பயிற்சி தொடங்குமுன் என்னிடம் நேரம் கேட்க ஆரம்பித்தார்கள்.

விசிறியைக் குச்சியாகப் பிடித்து, இல்லாத நூடுல்ஸை ‘ஸ்ர்ர்’ என்று உறிஞ்ச வேண்டும். ரசத்தைச் சத்தமாகக் குடித்தாலே முறைக்கும் வீட்டிலிருந்து வந்தவனுக்கு அது பெரிய விடுதலை. தலை திருப்புவதுதான் வரவில்லை. ஒரு பக்கம் திரும்பினால் கடைக்காரர், மறுபக்கம் திரும்பினால் சாப்பிட வந்தவர். ‘நீ திரும்புகிற அளவைப் பார்த்தால் கடைக்காரர் எதிர்த் தெருவில் நிற்கிறார்’ என்றார் சீனியர்.

அரங்கேற்றம் ஒரு முதியோர் இல்லத்தில். கிமோனோவின் இடது மடிப்பு வலதின் மேல் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது பிணத்துக்கு மட்டும். போகும் இடம் அப்படி என்பதால் சீனியர் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். நான் மேடையேறி வணங்கியதுமே சிரிப்பு. வாயையே திறக்கவில்லை! கிமோனோ கட்டிய கரேதேய் நானைப் பார்த்த சிரிப்பு அது.

கதை நன்றாகத்தான் போனது. நூடுல்ஸை உறிஞ்சியபோது இரண்டு தாத்தாக்கள் எச்சில் விழுங்கினார்கள். ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணி, கடைக்காரர் பக்கம் திரும்பி, “ஐயா, இப்போ மணி என்ன?” என்றேன். கோணம் மறுபடி தவறியிருக்க வேண்டும். முன்வரிசைப் பாட்டி ஒருவர் தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, சுவர்க் கடிகாரத்தை நிதானமாகப் பார்த்து, “இரண்டரை” என்றார்.

என் வாய் அதுபாட்டுக்கு “மூன்றரை, நாலரை” என்று எண்ணத் தொடங்கிவிட்டது. கூடம் அதிர்ந்தது.

மாலையில் விமர்சனக் கூட்டம். சீனியர் குறிப்பேட்டைப் பிரித்தார். ‘முதல் சிரிப்பு கிமோனோவுக்கு. இரண்டாவது அந்த அம்மாவுக்கு. அவருடைய டைமிங் பிரமாதம்.’ எல்லோரும் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார்கள். அடுத்த நிகழ்ச்சிக்கும் அவரை முன்வரிசையிலேயே உட்கார வைக்கும்படி அந்த இல்லத்துக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு, கடைசியாகச் சேர்ந்தவன் என்ற முறையில், என்னிடம் வந்தது.