சாவி துறந்த படலம்

மோட்டார் சைக்கிளை விட்டு ஒருவர் எந்த வயதில் இறங்க வேண்டும் என்பதைத் தமிழ் இலக்கணிகள் மோட்டார் சைக்கிள் வருவதற்கு முன்பே ஏறத்தாழ முடிவு செய்துவிட்டார்கள். பாட்டியல் நூல்கள் ஆணின் பருவத்தைப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று ஏழாக வகுக்கின்றன. விடலைப் பருவம் 30 வயதோடு முடிகிறது. அதற்கு மேல் எல்லோரும் முதுமகன். 31-க்கும் 81-க்கும் வேறுபாடு காண வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.

வண்டிக் கடனின் கடைசித் தவணையைக் கட்டும்போதே 30 தாண்டிவிடுகிற காலத்தில் இந்தப் பகுப்பு செல்லாது என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டமும், 2019 திருத்தத்துக்குப் பின், முதல் கோட்டை அதே 30-இல்தான் போடுகிறது. 30 நிரம்பாதவருக்கு லைசென்ஸ் 40 வயது வரை. 30 முதல் 50 வரை உள்ளவருக்குப் பத்தாண்டு. 50 முதல் 55 வரை உள்ளவருக்கு 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். எத்தனை ஐந்து என்பதைச் சட்டம் சொல்லாமல் விட்டது. வண்டிக்கு 15 ஆண்டில் பதிவு முடிந்து, மறுபடி ஆய்வுக்குக் கொண்டுபோய்ப் பசுமை வரியும் கட்ட வேண்டியிருக்க, அதன்மேல் உட்கார்ந்திருப்பவருக்கு இப்படி எதுவும் இல்லாதது உரையாசிரியர்கள் கவனிக்கத் தவறிய இடம்.

முற்றிலும் எதுவும் இல்லை என்றும் சொல்லக் கூடாது. 40 தாண்டியவர் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று வாங்க வேண்டும். அதில் மருத்துவர் உறுதி சொல்ல வேண்டியவற்றுள் ஒன்று, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் இவருக்குத் தெரிகிறது என்பது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 25 மீட்டர் என்பது ஒன்றரை விநாடி. ஆகவே, எதில் மோதப்போகிறோம் என்பதைப் பதிவு எண்ணோடு அறிந்துகொள்ளும் வல்லமை உடையவர் தகுதி உடையவர் என்க. சென்டர் ஸ்டாண்டு போட முடிகிறதா, பின்னால் இருப்பவர் இறங்கும்வரை வண்டியைச் சாயாமல் பிடிக்க முடிகிறதா, சரிவில் நிறுத்திய வண்டியைப் பின்பக்கமாக உருட்டி எடுக்க முடிகிறதா என்று படிவம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் கையெழுத்துப் போடும் மருத்துவர்களில் பலர் ஆட்டோவில் வர வேண்டியிருக்கும்.

சட்டம் கைவிட்ட இடத்தில் அளவை நூல் கைகொடுக்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில், ஒன்றை அறிவதற்கான அளவைகள் பத்து என்பாரைக் குறிப்பிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். அந்நூல் இறைவனை அறிவதற்காக எழுந்தது. வீட்டுப் பெரியவர் இன்னும் வண்டி ஓட்டலாமா என்பதை அறிய அதைக்காட்டிலும் சிறிய கருவி போதாது என்பது என் துணிபு.

முதலில் காண்டல். இங்கே உள்ள இடர்ப்பாடு, பார்க்கிற கண்ணையே பரிசோதிக்க வேண்டியிருப்பது. பாவை சுருங்கி, வில்லை மஞ்சளாகிப்போன 60 வயதுக் கண்ணில், 20 வயதில் விழித்திரையை எட்டிய வெளிச்சத்தின் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போய்ச் சேர்கிறது. இது உள்ளே நடப்பதால் உடையவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம், முன்பு போல இப்போது தெருவிளக்குப் போடுவதில்லை என்பதும், எதிரே வருகிறவன் எவனும் ஹெட்லைட்டைத் தணிப்பதில்லை என்பதும்தான். இரண்டும் ஓரளவு உண்மையாகவும் இருப்பதால் விவாதத்தில் அவரை வெல்ல முடியாது. தூரத்தில் நிற்பது கட்டையோ ஆளோ என்று மயங்குவதை ஐயக்காட்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். கயிற்றைப் பாம்பென்று கொள்வது திரிபுக்காட்சி. மடத்துத் திண்ணையில் பாடம் கேட்டவர்களுக்கு இவை எடுத்துக்காட்டுகள். இரவு எட்டு மணிக்குமேல் பைபாஸில் போகிறவருக்கு இவை வழி.

உடம்பும் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஓடுகிற வண்டி பெரும்பாலும் தன்னைத் தானே நேர் நிறுத்திக்கொள்ளும். நிற்கிற வண்டியை ஆள்தான் நிறுத்த வேண்டும். ஆகவே முதுமை வேகத்தில் தெரியாமல் சிக்னலில் தெரிகிறது. நேர்ச்சாலையில் 50-இல் போகும்போது 70 வயதுக்காரருக்கும் 25 வயதுக்காரருக்கும் வேற்றுமை காண்பது அரிது. சிவப்பு விழுந்து, வண்டி நின்று, இடது காலை ஊன்றப் போன இடத்தில் ஒரு சாண் பள்ளமோ ஒரு கை மணலோ இருக்கும் அந்த நொடியில் 160 கிலோவுக்கு மேல் எடையுள்ள புல்லட் தன் கேள்வியைக் கேட்கிறது. விடை சொல்ல இடுப்பும் தொடையும் வேண்டும். அனுபவம் அங்கே செல்லாது.

பழைய புல்லட்டை வைத்திருப்பவர்கள் இந்தத் தேர்வைத் தினமும் காலையில் எழுதுகிறார்கள். திருவொற்றியூரில் செய்த அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டியை எழுப்ப ஒரு முறை உண்டு. டிகம்ப்ரஷன் லீவரை அழுத்திக்கொண்டு கிக்கரை மெல்ல இறக்கி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வந்து நின்றதும் லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன் பிறகு முழு எடையையும் போட்டு ஒரே உதை. அவசரப்பட்டவரைக் கிக்கர் திருப்பி உதைக்கும். முழங்கால் சில்லுக்கு அது நெடுநாள் நினைவிருக்கும். இந்தச் சடங்கைச் செய்து முடிக்கிற முதியவரைத் தெருவே நின்று பார்க்கும். பிறகு செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. கட்டைவிரலில் பொத்தானை அழுத்தத் தெரிந்தவர் எல்லாம் ஓட்டலாம் என்று ஆனதில், வண்டியே ஆளை வடிகட்டும் ஒரு நல்ல ஏற்பாடு போய்விட்டது. இந்த முன்னேற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கவில்லை.

இரண்டாவது, கருதல். மலையில் புகை கண்டு நெருப்பை உணர்வது போலத் தடயம் கண்டு காரணத்தை உணர்தல். இதில் ஆராய்ச்சியாளனுக்கு வேண்டியது சற்றே குனியும் பழக்கம். கேட்டின் இடது தூணில், சரியாக ஹேண்டில் பார் உயரத்தில், ஒரு கீறல். அதன்மேல் சற்று மாறிய கோணத்தில் இன்னொரு கீறல். கிராஷ் கார்டின் ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் போய்த் துரு. நான்கு இண்டிகேட்டரில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் புதிய மஞ்சள். வலது செருப்பைக் காட்டிலும் இடது செருப்பின் நுனி அதிகம் தேய்ந்திருந்தால், பெரியவர் வண்டி நிற்பதற்கு வெகுமுன்பே காலைத் தொங்கவிட்டுத் தரையைத் தேடத் தொடங்கிவிடுகிறார் என்பது பெறப்படும். நேரே போனால் பத்து நிமிடத்தில் வருகிற மார்க்கெட்டுக்குச் சந்துகளின் வழியே சுற்றிக்கொண்டு போய், “இதுதான் குறுக்கு வழி” என்று அவர் சொன்னால், அந்த வழியை ஒரு தாளில் வரைந்து பார்க்க வேண்டும். அதில் வலப்பக்கத் திருப்பமோ யூ டர்னோ ஒன்றுகூட இராது. சென்டர் ஸ்டாண்டு போடுவதை அவர் நிறுத்திவிட்டதும் இப்படித்தான் தெரியவரும்: போர்ட்டிகோவின் டைல்ஸில் இரண்டு புள்ளியாக விழுந்துகொண்டிருந்த கறை, ஒற்றைப் புள்ளியாகச் சற்றுத் தள்ளி விழத் தொடங்கும்.

மேலே சொன்ன பத்தில், மூன்றுக்குள் அடங்கிப்போகும் மற்ற ஏழையும் விரித்தால் கட்டுரை நீளும். ஒன்றிரண்டு மட்டும். பகலில் உண்ணாதவன் பருத்திருந்தால் இரவில் உண்கிறான் என்று கொள்வது பொருள் அளவை. பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பகலில் வண்டியைத் தொடாத பெரியவரின் டேங்கில் பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தால், விடியற்காலை ஐந்து மணிக்கு டீக்கடை வாசலில் அவரைக் காணலாம். இதுவரை இந்த அளவை பிழைத்து நான் பார்த்ததில்லை.

மற்றொன்று ஐதிகம். இந்த ஆலமரத்தில் பேய் இருக்கிறது என்று வழிவழியாகச் சொல்லிவருவது ஐதிகத்துக்கு எடுத்துக்காட்டு. இருசக்கர வாகன இயலில் இதற்கு நிகரானது, “எங்க பெரியப்பா 82 வயசு வரைக்கும் புல்லட் ஓட்டினாருங்க, கண்ணாடிகூடப் போடமாட்டாரு.” இந்தப் பெரியப்பா இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் அவர் மிராசுதார். கோயம்புத்தூரில் அவருக்கு மில் இருந்தது. மதுரையில் அவர் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். அவரை நேரில் பார்த்தவர் யாரும் அகப்படுவதில்லை; பார்த்தவரைப் பார்த்தவர்கள் நிறைய. 83-ஆவது வயதில் என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சு மாறும்.

மூன்றாவது, உரை. எவர் சொன்னாலும் உரை ஆகாது. பொய் சொல்லத் தேவையில்லாத, பொருளை உள்ளபடி அறிந்தவர் சொல்ல வேண்டும். மருத்துவர் இவ்வகையில் சேரார். அவர் இவரை நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறார். வெளியூரில் இருக்கும் மகனும் சேரான். “அப்பா, இனிமே வண்டிய எடுக்காதீங்கப்பா, ஆப்ல ஆட்டோ போட்டா வீட்டு வாசலுக்கே வந்துடும்ல” என்று அவன் சொல்வது அன்பினால். அப்பா ஓட்டி அவன் கண்ணால் பார்த்து ஆண்டுகள் ஆகிவிட்டன. மெக்கானிக்குக்கு உண்மை தெரியும். க்ளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும் விதத்திலிருந்தே ஓட்டுகிறவரின் இடது கை எவ்வளவு தயங்குகிறது என்று அவர் படித்துவிடுவார். ஆனால் வருமானத்தைக் கெடுத்துக்கொண்டு மெய் பேச அவர் அரிச்சந்திரனா?

எஞ்சுகிறவர் ஒருவர். பின்சீட்டில் இருப்பவர்.

திருமணமான புதிதில் ஏறியவர். ஒரு பக்கமாக உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சக்கரத்தில் சிக்காமல் மடியில் செருகிக்கொண்டு, ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் குக்கரையும் பிடித்துக்கொண்டு வந்தவர். எந்தத் திருப்பத்தில் கணவர் பிரேக் பிடிப்பார், எதில் பிடிக்கமாட்டார் என்பதை அவர் முதுகெலும்பு அறியும். படிவம் 1ஏ-வில் கையெழுத்திட இவரைக் காட்டிலும் தகுதி பெற்றவர் நாட்டில் இல்லை. சட்டம் இவரிடம் கேட்பதோ தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்பது மட்டும்.

இவருடைய வலது கையைக் கவனித்தால் போதும். முதல் பத்தாண்டு அது கணவர் தோளில் இருந்தது. நடுக்காலத்தில் பின்னாலுள்ள கம்பிக்குப் போயிற்று. அதற்குக் காரணம் கணவர் ஓட்டிய விதம் அன்று, கணவர் பேசிய விதம். 60-ஐ ஒட்டிக் கை மீண்டும் தோளுக்கு வருகிறது. முதியவர் இதைப் பழைய அன்பின் மறுவருகை என்று எடுத்துக்கொள்கிறார். சட்டையின் தோள்பட்டைத் துணி கசங்கியிருக்கும் அளவைப் பார்த்தால் அது அன்பு மட்டும் அன்று என்பது விளங்கும். ஸ்பீடு பிரேக்கருக்கு முன்பு “ம்” என்று ஒரு ஒலி. சிக்னலுக்கு முன்பு “பார்த்து” என்று ஒரு சொல். பிறகு அதுவும் நிற்கிறது.

அடுத்து ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, “நீங்க முன்னாடி போங்க. எனக்கு முட்டி வலிக்குது, கால் மடக்கி உட்கார முடியல. நான் எதிர்வீட்டு அக்காவோட ஆட்டோல வந்துடறேன்.”

இங்கே வேலை செய்வது இன்மை அளவை. தரையில் குடம் காணப்படாமையால் குடம் இல்லை என்று அறிவது. பின்சீட்டில் மனைவி காணப்படாமையால் இன்னது இல்லை என்று அறிய வேண்டியவர் அறிவதில்லை. ஏனெனில் பாரம் குறைந்ததால் வண்டி நன்றாக இழுக்கிறது. முட்டிவலித் தைலம் வாங்கிக்கொண்டு வருகிறார். ஒருவரை நேராக நோக்கி, ‘நீங்கள் ஓட்டும் வண்டியில் எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்லாமல், தன் முழங்காலின்மேல் பழி போட்டு விலகிக்கொள்ளும் இந்த நாகரிகத்துக்கு நூல்களில் நான் இணை கண்டதில்லை. அதனால் விளையும் கேடும் சிறிதன்று. சாட்சி மென்மையாகப் பேசியதால் வழக்கு பல ஆண்டு தள்ளிப்போகிறது.

ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் இந்த ஆராய்ச்சிக்குள் வரவில்லை. நான் அறிந்தவரை அவர்கள் ஒரு நாள் சாவியை மருமகளிடம் கொடுத்துவிட்டுச் சீரியல் பார்க்கப் போய்விடுகிறார்கள். கட்டுரை எழுத அதில் இடமில்லை.

ஆண்கள் துறப்பதில்லை, படிப்படியாக சிசி குறைத்துக்கொள்கிறார்கள். 350-லிருந்து 100-க்கு வருவது மைலேஜுக்காக. கியர் வண்டியிலிருந்து கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு வருவது மனைவிக்கு உட்கார வசதி என்பதற்காக. அவர் உட்காருவதை விட்டு வெகுநாள் ஆகியிருக்கும். அடுத்தது 1980-இல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50-இன் வழித்தோன்றலான எக்ஸ்எல். அது அரிசி மூட்டை வைக்க வாகாக இருக்கும் என்பதற்காக. காரணம் ஒவ்வொன்றும் வண்டியைப் பற்றியது. ஆளைப் பற்றிய காரணம் ஒருபோதும் பதிவாகாது.

இந்த ஏணியின் கடைசிப் படி பேட்டரியில் ஓடுவது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மிகாமல், எடை முதலிய மற்ற நிபந்தனைகளுக்கும் உட்பட்டிருந்தால், அது சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே அன்று. எனவே 76 வயதில் அதை வாங்கியவர், “மோட்டார் வண்டியெல்லாம் விட்டாச்சு” என்று மகனிடம் போனில் சொல்வது எழுத்துக்கு எழுத்து உண்மை. லைசென்ஸ் வேண்டாம். படிவம் வேண்டாம். 25 மீட்டரில் நம்பர் பிளேட்டை வாசிக்கும் கண்ணும் வேண்டாம். இதற்கே நம்பர் பிளேட் கிடையாது. டெலிவரி எடுத்த அன்று வாசலில் நிறுத்தி, சத்தமே இல்லை, குலுங்காது, ஒரு ரவுண்டு வந்து பார் என்று மனைவியை அழைத்தார். அவர் கூப்பிட்டிருந்த ஆட்டோ அதற்குள் வந்து நின்றிருந்தது.