பூட்டு பார்க்கப் போன கதை

எங்கள் கல்யாண நாளுக்கு மகன் ஒரு சுற்றுலா வாங்கிக் கொடுத்திருந்தான். மதுரையில் காலையில் ஏறினால் மறுநாள் இரவு மதுரையிலேயே இறக்கிவிடுவார்கள். ‘பாரம்பரிய ஊர்கள், ஆளில்லா மாளிகைகள், இயற்கைக் காட்சிகள், கூடவே வழிகாட்டி’ என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தது. என் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள்.

“ஆளில்லாத வீட்டப் பாக்கவா காசு குடுத்துப் போகணும்? உங்க ஊர்லயே ஒண்ணு பூட்டிக் கெடக்கே.”

அவள் சொன்னது எங்கள் பூர்வீக வீட்டை. அந்தப் பேச்சை நான் வழக்கமாக வளர்க்க விடுவதில்லை. “செட்டிநாடு வேற, நம்ம ஊரு வேற” என்று சொல்லிப் பையை எடுத்து வைத்தேன். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற மைத்துனர், நாங்கள் கூப்பிடாமலே தனக்கும் ஒரு சீட் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

வேனில் பன்னிரண்டு பேர். வழிகாட்டிக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கையில் குடை. மழைக்கும் வெயிலுக்கும் அதை விரித்து நான் பார்க்கவில்லை, சுட்டிக்காட்ட மட்டும்தான் அந்தக் குடை. எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் இரண்டு செய்தி சொல்வார். ஒன்று, இன்றைக்குக் கட்டினால் எத்தனை கோடி ஆகும் என்பது. இன்னொன்று, இங்கே எந்தப் படத்துக்கு ஷூட்டிங் நடந்தது என்பது. நடுவில் வரலாறும் கொஞ்சம் வரும்.

முதலில் இயற்கை. திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரைச் சொல்கிறேன். ஜனவரி மாதம். கண்மாய்க் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தன. கூட்டுக்குக் கூடு ஒரே சண்டை. குஞ்சுக்கு இரை கொண்டுவந்த தாயைப் பக்கத்துக் கூட்டுக்காரி விரட்ட, இரண்டு கூட்டுக்கும் ஒரு கிளைதான் எல்லை போலிருந்தது.

1977இல் இது சரணாலயம் ஆனது. அதற்கும் முன்பிருந்தே பறவைகளைக் காப்பது கரையில் இருக்கிற கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள்தான். பறவை மிரளும் என்று பல பத்தாண்டுகளாக அந்த ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. என் மைத்துனர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் நாய்க்குட்டி பிறந்தாலும் சரவெடி வைப்பார். அவரை இங்கே குடிவைத்தால் பறவைகள் என்ன செய்யும் என்று மைத்துனர் வெகுநேரம் கவலைப்பட்டுக்கொண்டு வந்தார்.

பிள்ளையார்பட்டியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குடைவரைப் பிள்ளையாருக்கு இரண்டே கை. எங்கள் வீட்டுக் காலண்டரில் நான்கு. கூட்டம் தள்ளியது, நாங்கள் வெளியே வந்தோம். நகரத்தார்களின் ஒன்பது நகரக் கோயில்களில் இது ஒன்று. ஒன்பதையும் பார்க்கலாமா என்று மனைவி கேட்டாள். நோட்டீஸில் ஒன்றுதான் போட்டிருக்கிறது என்று வழிகாட்டி குடையை உயர்த்திவிட்டார்.

காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீடு. 1941இல் கட்டியது என்கிறார்கள். வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். ஆயிரமா என்று சந்தேகப்படுவது மனித இயல்பு. மைத்துனர் தெருவில் நின்று எண்ண ஆரம்பித்தார். நூற்றுப்பன்னிரண்டு வரை வந்தபோது ஒரு மினி பஸ் ஹாரன் அடித்தது. திரும்ப ஒன்றிலிருந்து. இரண்டாம் தடவை, இரட்டைக் கதவு போட்ட ஜன்னலை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று அவருக்கும் வழிகாட்டிக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. “மாமா, நீங்களே சொல்லுங்க, மீட்டர் ஒண்ணுன்னா கனெக்‌ஷன் ஒண்ணுதானே?” என்றார். நான் எதிர்க்கடையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து தேவகோட்டை ரஸ்தா பக்கம் கை காட்டி, ஏவி.எம். முதலில் ஸ்டூடியோ நடத்தியது இங்கேதான் என்றார் வழிகாட்டி. அது உண்மைதான். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ இங்கே எடுத்ததுதான். ஆனால் அந்த ஒரு செய்தி கொடுத்த தைரியத்தில், அதற்கப்புறம் வந்த எல்லாப் படத்தையும் அவர் இங்கேயே எடுக்க வைத்துவிட்டார்.

ஆத்தங்குடியில்தான் எனக்குப் பயணம் பிடித்துப்போனது. தரைக்கல் செய்கிற பட்டறை. ஒரு கண்ணாடித் துண்டு, மேலே இரும்புச் சட்டம், அதற்குள் பூ டிசைன் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், தோசைக்கு மாவு ஊற்றுகிற அதே பதம். அச்சை மேலே தூக்கினால் பூ கலையாமல் நிற்கிறது. மேலே காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு கலவை போட்டு மட்டம் பிடித்து, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கிவிடுகிறது. நடக்க நடக்கத்தான் இந்தத் தரைக்குப் பளபளப்பு கூடும் என்றார் ஊற்றிக்கொண்டிருந்தவர். என் மனைவி உடனே, “அப்ப பூட்டி வச்ச வீட்டுல?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் அடுத்த பூவுக்கு மஞ்சள் ஊற்றினார்.

பக்கத்திலேயே டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மாளிகை. வழிகாட்டி சுவரைத் தட்டினார்.

“தடவிப் பாருங்க, பட்டு மாதிரி இருக்கும். சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு. நூறு வருசமாச்சு, ஒரு கீறல் இல்ல.”

மற்றவர்களெல்லாம் தடவினோம். மைத்துனர் மட்டும் கை வைக்காமல் யோசித்துக்கொண்டு நின்றார்.

“மஞ்சக்கருவ என்ன பண்ணாங்க?”

“என்ன சார்?”

“வெள்ளைக்கருவச் சுவத்துல பூசிட்டாங்க. இத்தனாம்பெரிய வீட்டுக்கு லட்சக்கணக்குல முட்டை ஒடைச்சிருப்பாங்க. மஞ்சக்கரு எங்க போச்சு?”

எத்தனை வருடமாக இந்தச் சுவரைத் தட்டுகிறாரோ, இதுவரை யாரும் கேட்டதில்லை போலும். குடை தரையைப் பார்த்துத் தாழ்ந்தது. அதன்பின் தேநீர் வரைக்கும் அவர் எந்தக் கட்டடத்துக்கும் கோடிக்கணக்கு சொல்லவில்லை.

இரவு தங்கியது காரைக்குடியில். வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி. கறுப்பாக இருந்த அந்தப் பொங்கலைப் பார்த்து மைத்துனர் அடிப்பிடித்துவிட்டதென்று திருப்பி அனுப்பப் பார்த்தார். பர்மாவிலிருந்து வந்த அரிசி என்று சொல்லி நிறுத்தினேன்.

மறுநாள் கானாடுகாத்தான். இதைத்தான் நான் எழுத வந்தேன், இவ்வளவு தாமதமாகிவிட்டது.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையை வெளியே நின்று பார்த்துவிட்டுத் தெருக்களுக்குள் நடந்தோம். வீடென்றால் இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை. நடுவில் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி. தெருவில் எங்களைத் தவிர இருந்தது ஒரு ஆடு.

எல்லா வாசலிலும் பூட்டு. சாதாரணப் பூட்டல்ல, தேங்காய் அளவு. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். மைத்துனரின் ஜன்னல் கணக்கு போலவே பதினெட்டுக்கு மேல் என்னாலும் முடியவில்லை.

இதெல்லாம் பர்மாப் பணம். நகரத்தார் அங்கே வட்டித்தொழில் செய்யப்போய், 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் இவர்கள் கையில். 1942இல் ஜப்பான்காரன் வந்தான். நிலமும் போயிற்று, கொடுத்த கடனும் போயிற்று. வீடு மட்டும் இங்கே நின்றுவிட்டது. இப்போது கல்யாணம், சாந்தி, இழவு என்றால் திறப்பார்கள். மற்ற நாளில் வாரிசுகள் சென்னையிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும்.

“விக்கக் கூடாதா?” என்று சென்னையிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் கேட்டார்.

“விக்கணும்னா எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போடணும்மா. அறுபது பேர், எழுபது பேர் இருப்பாக. ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்த இருக்கணும்ல?”

கையெழுத்துப் போட்டுவிட்டால்? தூண் தனி, கதவு தனி, நிலை தனி என்று பிரிந்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும். ஒற்றுமையாய் இருந்தால் வீடு இடியும், சண்டை போட்டால் வீடு நிற்கும். நான் அறிந்தவரை குடும்பச் சண்டையால் ஒரு நன்மை விளைகிற ஊர் இது ஒன்றுதான்.

ஒரு வீட்டைத் திறந்து காட்டினார்கள். காவலுக்கிருந்த பெரியவர் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து, ஐந்தாவது சாவியில் திறந்தார். வளவில் வெயில் சதுரமாக விழுந்திருந்தது. சுற்றிலும் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, தனி அடுப்பு. ஒரே வீடு, தனித்தனிச் சமையல். அவர்கள் பேச்சில் கல்யாணமான தம்பதி ஒரு ‘புள்ளி’, கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். என் மனைவி அந்த அடுப்புகளைப் பார்த்து நின்றாள். முப்பத்தாறு வருட மருமகள் வாழ்க்கை அவள் முகத்தில் ஓடியதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி உத்தரத்தை ரசித்தேன்.

பெரியவர் என்னிடம், “தம்பிக்குச் சொந்த ஊரு?” என்றார். சொன்னேன். “வீடு இருக்கா?” இருக்கு. “யாரு இருக்கா?” பூட்டியிருக்கு.

“அப்பப்பத் தொறந்து விடணும் தம்பி. வீட்டுக்கு மூச்சு முட்டும்.”

அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பணம் கொடுத்தேன். எதற்கென்று தெரியவில்லை.

கடைசியாகத் திருமயம். 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. பாறைமேல் பீரங்கி வரை ஏறினோம். காற்று ஆளைத் தூக்கியது. கீழே கண்மாய், பனைமரம், வயல். இயற்கைக் காட்சிக்குக் கொடுத்த பணம் இங்கே கழிந்தது. மலையடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்த இரண்டு கோயிலுக்கும் சொத்தில் தகராறு. ஹொய்சளத் தளபதி முன்னிலையில் பங்கு பிரித்துத் தீர்த்துக் கல்வெட்டும் வைத்துவிட்டார்கள். சாமிக்கே பாகப்பிரிவினை நடந்த ஊர் என்று வழிகாட்டி சொன்னதும் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பீரங்கியைப் பார்த்தேன்.

வேன் மதுரையை நெருங்கும்போது வழிகாட்டி மைத்துனரிடம் வந்து குனிந்தார்.

“விசாரிச்சுட்டேன் சார். மஞ்சக்கருவக் கொத்தனாரும் சித்தாளும் சாப்பிட்டிருப்பாகளாம். அதான் வேலை அவ்வளவு கெட்டி.”

மைத்துனர் நிம்மதியாகத் தூங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். நாலு வருடமாக நானாகக் கூப்பிட்டதில்லை. அவனுக்கு முதலில் பயம், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று.

“ஒண்ணுமில்லப்பா. ஊர் வீட்டைத் தொறந்து ஒரு நா பெருக்கி விடலாம்னு. சாவிய அனுப்பு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அண்ணே, சாவி உங்ககிட்டதான இருக்கு?”

பெரியப்பா மகனிடம் கேட்டோம், அவர் சித்தப்பா வீட்டில் கேட்கச் சொன்னார். யாரிடமும் இல்லை. பூட்டை உடைக்க நான்கு பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும். மூன்று பேர் சரியென்றாயிற்று. நாலாமவர் மஸ்கட்டில் இருக்கிறார். பொங்கலுக்கு வருகிறாராம், நேரில் பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்.