சஸ்பென்ஷன் சார்

எங்கள் அடுக்ககத்தில் புதிதாகக் குடிவருபவர்களுக்கு முதல் வாரமே ஒரு சந்தேகம் வரும். வாட்ச்மேன் முதல் பால் போடும் பையன் வரை இரண்டாம் மாடிக்காரரை ‘சஸ்பென்ஷன் சார்’ என்கிறார்களே, பாவம், எந்த ஆபீஸில் எவ்வளவு வாங்கி மாட்டிக்கொண்டாரோ என்று. மனிதர் கணக்குப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டி, ஒரு மெமோகூட வாங்காமல் ரிட்டையர் ஆனவர். சஸ்பென்ஷன் அவருக்கு இல்லை, அவருடைய 2012 ஆல்ட்டோவுக்கு.

கிண்டிப் பக்கம் இந்த ரக வண்டிப் பைத்தியங்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு பக்கம் லேலண்ட் தலைமை அலுவலகம், இன்னொரு பக்கம் 1958-லிருந்து லேத் சத்தம் ஓயாத தொழிற்பேட்டை, கொஞ்சம் தள்ளி 1794-ல் பிறந்த இன்ஜினீயரிங் காலேஜ். இந்தக் காற்றை இழுத்துவிட்டாலே பாதி இன்ஜினீயர் என்பது சாரின் நம்பிக்கை. அவர் படித்தது மீனம்பாக்கத்தில் பி.காம். ஆனால் இன்ஜினீயரிங் காலேஜின் காம்பவுண்டு சுவரை முப்பது வருஷமாக பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து வந்திருக்கிறார்.

மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1940-களில் வடிவமைத்த ஸ்ட்ரட்தான் இன்றைக்கும் பெரும்பாலான சின்னக் கார்களின் முன் சக்கரத்தைத் தாங்குகிறது. சார் அவரைப் பற்றிப் பேசும்போது தாய்மாமனைப் பற்றிப் பேசுகிறாரோ என்று தோன்றும். “மெக்ஃபர்சன் பாவம் சார், வேளச்சேரி ரோட்டை நினைச்சா டிசைன் பண்ணினார்?”

வண்டியின் முன்பக்கம் ‘லொடக்’ என்று ஒரு சத்தம். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஷோரூம் சர்வீஸ் சென்டருக்குப் போனார். துணைக்கு நான். கையில் டேப்லெட்டோடு வந்த அட்வைஸர் தம்பி வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சணம் செய்தார். குனியவில்லை.

“நார்மல் சார். எல்லா வண்டியிலயும் வரும்.”

“லோயர் ஆர்ம் புஷ் போயிருக்குன்னு நினைக்கிறேன் தம்பி.”

“புஷ் தனியா வராது சார். ஆர்ம் அஸெம்ப்ளியா மாத்திடலாம். ஒரு பக்கம் மாத்தினா பேலன்ஸ் போயிடும், ரெண்டு பக்கமும் போட்டுடலாம். அப்படியே ஸ்ட்ரட், மவுண்ட், பேரிங்…”

நார்மலான சத்தத்துக்கு எஸ்டிமேட் 26,400 ரூபாய். கடைசி வரியில் ஏசி வென்ட் கிளீனிங்.

ஸ்ட்ரட்டை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், அதில் தம்பி சொன்னது நியாயம். மற்றதெல்லாம் பட்டியலில் ஏறியது, கல்யாண வீட்டில் கேட்காமலே இலையில் விழும் அப்பளம் மாதிரி. “கொஞ்சம் நல்ல ஷாக்கா, கேஸ் டைப் போடலாமா?” என்று சார் கேட்டதும் தம்பி முகம் மாறியது. “வெளி பார்ட்ஸ் போட்டா வாரண்ட்டி போயிடும் சார்.” அந்த வாரண்ட்டி காலமாகி, பத்துத் திவசமும் முடிந்திருந்தது.

ஆதம்பாக்கத்து மெக்கானிக் கீழே படுத்தார், ஒரு லிவரை உள்ளே கொடுத்து நெம்பினார். “புஷ்ஷு பூட்ச்சு சார்.” தனியாக வராத புஷ், தெருமுனைக் கடையில் தனியாகவே வந்தது. சில நூறு ரூபாய், ஒரு மணி நேரம். சத்தம் நின்றது. நின்றதில் சாருக்குத்தான் ஏதோ இழப்பு. இரண்டு நாள் பேப்பர்கூடப் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஜி.பி. ரோடுக்குப் போய் ஸ்பிரிங் பஃபர் போட்டுக்கொண்டு வந்தார். ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவி, காயில் ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே திணித்துவிடுவார்கள். வண்டி ஒரு விரல்கடை உயரும், வேகத்தடையில் வயிறு இடிக்காது. ஆனால் ஸ்பிரிங் விறைத்துவிடும். வெறும் வண்டியாக ஓட்டினால் ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு புளியங்கொட்டையும் முதுகெலும்புக்குத் தந்தி அடிக்கும். உள்ளே நாலு பேர் கனமாக உட்கார்ந்தால்தான் மெத்தென்று போகும்.

அதனால் சார் இப்போது ஆள் தேடுகிறார். காலையில் கிண்டி ஸ்டேஷன் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, தெரிந்த முகமாக, கொஞ்சம் பூசினாற்போல் யாராவது வந்தால் கதவைத் திறந்துவிடுகிறார். என்னிடம் எடை கேட்டார். “எண்பத்திரண்டு” என்றேன். டாக்டர் திட்டும், மனைவி பெருமூச்சு விடும் அந்த எண்ணைக் கேட்டு மகிழ்ந்த ஒரே மனிதர் அவர்தான். “பின் சீட்ல நட்ட நடுவுல உட்காருங்க சார்!” ஒல்லியான எதிர்வீட்டுப் பையன் லிஃப்ட் கேட்டபோது, “மெட்ரோவுல போப்பா, சீக்கிரம் போயிடலாம்” என்று அனுப்பிவிட்டார்.

கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறி வளைந்து இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், கச்சேரியில் ஆலாபனை கேட்பவரின் முகம். எங்கள் தெரு வேகத்தடை வந்ததும் அதே முகம் சுருங்கும். 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் தாண்ட வேண்டும் என்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த கணக்கு. சார் டேப் வைத்து அளந்தார். எங்கள் தெருவில் இருப்பது ஒரு முழ அகலத்தில் யாரோ புதைத்துவிட்டுப் போன அம்மிக்கல். மாநகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறார், படத்தோடு.

வேறொரு பழக்கமும் உண்டு. நிற்கிற வண்டியின் பானெட் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து ஓங்கி ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுப்பார். வண்டி ஒருமுறை எழும்பி அடங்கினால் ஷாக் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று தரம் தலையாட்டினால் எண்ணெய் கசிந்து போய்ச் சேர்ந்துவிட்டது. சொந்த வண்டி முடிந்து, அடுக்ககத்து வண்டிகளெல்லாம் முடிந்து, இப்போது தெருவுக்கு வந்திருக்கிறார்.

ஆகவே, கிண்டிப் பக்கம் காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் உங்கள் வண்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினால் சத்தம் போடாதீர்கள். முன்பக்க ஷாக் இரண்டையும் மாற்றிவிடுங்கள். எடை மட்டும் கேட்டால், ஐம்பது கிலோ என்று சொல்லிவிடுங்கள்.